தெரிந்து என்ன புண்ணியம்?

தமிழ்நாட்டைப் பற்றிய பொது அறிவு வினாக்களுக்கு நம் ஊர்களில் பஞ்சமே இல்லை. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நூலகத் திண்ணையிலும் பேருந்திலும் ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் எது? சேலம், 1937 அக்டோபர் 1. சேலத்திலிருந்து தருமபுரி எப்போது பிரிந்தது? 1965 அக்டோபர் 2. நாமக்கல்? 1997 ஜனவரி 1. திருமணிமுத்தாறு எங்கே பிறக்கிறது? சேர்வராயன் மலையில். முறுக்குக்குப் பேர்போன ஊர்? ஆட்டையாம்பட்டி. பதிலெல்லாம் சரிதான், ஆனால் இதையெல்லாம் தெரிந்து என்ன புண்ணியம் என்று கேட்கிறவர்களும் உண்டு. பேச்சுவாக்கில் வருகிற அந்தக் கேள்வியை ஒரு சமயக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் தேட விரும்புகிறேன். கடவுள் எங்கும் இருக்கிறார் என்று நம்புகிற ஒருவருக்கு, தன் நிலத்தின் ஆறு எங்கே பிறக்கிறது, குன்றில் குகையைக் குடைவித்தவர் யார், எல்லை எந்த ஆண்டில் எங்கே நகர்ந்தது என்பதெல்லாம் தெரிந்திருப்பதால் ஆன்மாவுக்கு ஏதாவது ஆகப்போகிறதா? ஆகும் என்பதே என் வாதம். தமிழர் பக்தி நிலத்தின் விவரத்தோடு பின்னிப் பிணைந்து வளர்ந்தது. விவரத்தை உதறிவிட்டுப் பக்தியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. அந்த விவரம் நம் நம்பிக்கைக்குச் சங்கடம் தருகிற நேரத்திலும் அதை ஒப்புக்கொள்வது பக்திக்கு உரிய கடமைகளில் ஒன்று.

திருச்செங்கோட்டிலிருந்து தொடங்கலாம். ஆட்டையாம்பட்டியிலிருந்து காளிப்பட்டி வழியாகப் போனால் வருகிற செந்நிற மலை அது. தேவாரம் அந்த ஊரைக் கொடிமாடச் செங்குன்றூர் என்கிறது. பாடல் பெற்ற தலங்களில் கொங்கு நாட்டுக்கு வாய்த்தவை ஏழு, அவற்றில் இது ஒன்று. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு இங்கே தங்கியதை, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். பனிக்காலம் வந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. அவர்கள் போய்ச் சம்பந்தரிடம் முறையிட்டார்கள். சம்பந்தர் என்ன பதில் சொன்னதாகச் சேக்கிழார் எழுதுகிறார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது இந்த நிலத்தின் இயல்புதான், ஆனாலும் நம்மை வந்து சேராது என்கிறார் சம்பந்தர். அதன் பிறகே திருநீலகண்டப் பதிகம் பாடுகிறார். பதிகமோ வினையைப் பற்றியது. நோய் வினையால் வந்தது, வினையைத் தீர்க்க இறைவன் இருக்கிறான் என்று சேக்கிழார் நேராகப் போயிருந்தாலும் கதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் அவர் பருவத்தைச் சொல்கிறார், நாட்டைச் சொல்கிறார், அந்த நாட்டில் அந்தப் பருவத்தில் அந்தக் காய்ச்சல் வரும் என்பதையும் சொல்கிறார். மலையடிவாரச் சுரத்தைப் பற்றிய ஒரு நிலவியல் செய்தி அருளாளரின் வாய்மொழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அருள் நிலத்தின் இயல்பை மறுத்துவிட்டு வரவில்லை. அதை உள்ளபடி ஏற்றுக்கொண்ட பிறகு வருகிறது.

தேவாரம் முழுவதிலும் இந்தப் போக்கைக் காணலாம். பெரும்பாலான பதிகங்களுக்கு ஓர் ஊர் உண்டு. அந்த ஊருக்கு ஒரு வயல், ஒரு துறை, ஒரு சோலை, அங்கே வந்து இறங்கும் ஒரு பறவை உண்டு. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். அந்த மூன்றில் இரண்டு நிலத்தைச் சேர்ந்தவை. சேலம் சுகவனேசுவரரையும் உத்தமசோழபுரம் கரபுரநாதரையும் வணங்குகிறவர், அந்த இரண்டு கோயில்களையும் இணைப்பது திருமணிமுத்தாறு என்பதையும், அது தெற்கே இறங்கி நாமக்கல் சமவெளி வழியாக நன்செய் இடையாறு பக்கம் காவிரியில் சேர்கிறது என்பதையும் அறியாமல் இருந்தால், வழிபாட்டின் மூன்றில் ஒரு பங்கு அவரிடம் இல்லை. அந்த ஆற்றில் இன்று சேலத்தின் சாக்கடையும் சாயக்கழிவும் ஓடுகின்றன. அதைத் தீர்த்தம் என்று நாள்தோறும் நினைத்துப் பார்க்கிறவர்கள் கரையில் நிறைந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு நம் மரபுக்குள்ளிருந்தே எழும். நட்ட கல்லைச் சுற்றி வருவதைச் சிவவாக்கியர் கண்டித்தார். உடம்பையே கோயிலாகக் கண்டார் திருமூலர். கணியன் பூங்குன்றனாரோ எல்லா ஊரும் தம் ஊர் என்றார். ஞானம் என்பது இடத்தைக் கடப்பது என்றால், இடத்தின் விவரத்தைச் சேர்த்து வைப்பது வீண் சுமைதானே? வலுவான மறுப்புதான், எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் சித்தர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நம் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆட்டையாம்பட்டிக்கு வடக்கே இருக்கிறது கஞ்சமலை. காலாங்கிநாதர் தவம் செய்த இடம் என்பது அதன் தலபுராணம். திருமூலர் பெயரும் அதோடு சேர்ந்தே வரும். அமாவாசைதோறும் அடிவாரத்துச் சித்தர் கோயிலில் கூட்டம் சேருகிறது. அதே மலை இரும்புத் தாது நிறைந்தது. மேக்னடைட் என்கிற காந்தத் தாது பட்டை பட்டையாக ஓடுகிற மலை அது. 19-ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியது சேலம் வட்டாரத்துத் தாதுவை நம்பித்தான். இன்றைய சேலம் உருக்காலை இருப்பதும் கஞ்சமலை ஓரத்தில்தான். இரும்பைப் பொன்னாக்கும் வித்தையோடு சேர்த்துப் பேசப்படும் சித்தர்களை மக்கள் நினைவு இந்த இரும்பு மலையில் குடியேற்றியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. எந்த மூலிகை எந்தச் சரிவில் முளைக்கும், எந்தக் கல்லில் எந்த உலோகம் இருக்கும் என்று நிலத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்களாகவே சித்தர்களை நம் மரபு காட்டுகிறது. அறியாமல் சுற்றி வருவதைத்தான் அவர்கள் ஏற்கவில்லை. பூங்குன்றனாரும் அப்படியே. உலகம் முழுவதையும் உறவாக்கிய அவருடைய பெயரிலேயே அவர் ஊர் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியைப் பூங்குன்றம் என்று அடையாளம் காண்கிறார்கள். மழை பெய்து கல்லில் மோதி இறங்கும் ஆற்றில் புணை போகிற போக்கை வைத்தே அவர் தம் தத்துவத்தை நிறுவுகிறார். ஓர் ஆற்றைக் கரையில் நின்று ஊன்றிப் பார்க்காத ஒருவரால் அந்த வாதத்தைச் சொல்லியிருக்கவே முடியாது.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. நிலத்தின் வரலாற்றைத் தோண்டினால் தலபுராணம் சரிந்துவிடும், அதனால் பக்தர்கள் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்பார்கள். உத்தமசோழபுரத்தை எடுத்துக்கொள்வோம். பாரியின் மகள்களுக்கு அவ்வையார் திருமணம் செய்து வைத்த இடம் திருமணிமுத்தாற்றங்கரை என்றும், மூவேந்தரும் அங்கே வந்தார்கள் என்றும் ஊர்க் கதை சொல்கிறது. திருக்கோவலூரிலோ வேறு செய்தி கிடைக்கிறது. அங்கே வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, கபிலர் பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்ததைச் சொல்கிறது. இரண்டுக்கும் முந்திய புறநானூற்றில், கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய்க் கேட்டதைக் காட்டும் பாடல்கள் உள்ளன. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால வழக்கில் வந்தவை. ஆக ஒரே திருமணத்துக்கு இரண்டு ஆற்றங்கரைகள். நாடிழந்து நின்ற இரண்டு பெண்களின் துயரத்தை நம் மக்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு யாராவது ஒரு நல்லது செய்திருக்க வேண்டும் என்ற தவிப்பில் ஊர் ஊராக அந்தத் திருமணத்தை நடத்தி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டையும் பாடலையும் அறிந்த பிறகுதான் இந்தத் தவிப்பின் அளவு நமக்குத் தெரிகிறது. அறிந்ததால் உத்தமசோழபுரத்துக் கதை எனக்கு எவ்விதத்திலும் குறைந்துபோகவில்லை. செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. நம்மூர்க் கதையைக் காப்பாற்றுவதற்காக அந்த ஊர்க் கல்வெட்டை இல்லை என்று சாதிக்கக் கூடாது.

நாமக்கல்லிலும் இதே பாடம்தான் கிடைக்கிறது. அனுமன் கொண்டுவந்த சாளக்கிராமம் கீழே வைத்ததும் மலையாக வளர்ந்தது என்கிறது புராணம். இந்த வட்டாரத்துப் பாறைகளின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு என்கிறது புவியியல். அந்தப் பாறையைக் குடைந்து நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் கோயில் எடுத்தவர்கள் அதியர் குலத்தார். அதியேந்திர விஷ்ணுகிருகம் என்ற பெயரை அங்குள்ள கல்வெட்டே தருகிறது. இந்த அதியர் யார்? அசோகன் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சதியபுத்திரர் என்று ஒரு மரபைக் குறிக்கிறான். அது யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 1981-இல் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் ஒரு குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஒரு பள்ளியைக் கொடுத்தான் என்று அதில் இருந்தது. துறவிகள் தங்கும் கற்குகையைத்தான் பள்ளி என்றார்கள். ஒரே ஒரு வரி. அது வந்ததும் அசோகன் சொன்ன பெயரும், அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாகத் தமிழர் போற்றும் தகடூர்த் தலைவனின் பெயரும் ஒன்று சேர்ந்தன. சமணத் துறவிகளுக்குக் குகை கொடுத்த அந்தக் குலமே சில நூற்றாண்டுகள் கழித்துத் திருமாலுக்குக் குகைக்கோயில் எடுத்திருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஜம்பை, 1981 என்பது ஒரு மதிப்பெண். நாமக்கல் மலையேறுகிற பக்தருக்கு அது வேறு ஒன்றைத் தரும். தான் நிற்கிற வாசலுக்குப் பின்னால், தன் சமயத்துக்கு வெளியே இருந்த துறவிகளையும் மதித்துக் கொடுத்த ஒரு குடும்பம் நிற்கிறது என்ற அறிவைத் தரும். பக்தி விரிவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விவரமும் வழிபாடும் இவ்வளவு இணக்கமாகவே எப்போதும் சந்திப்பதில்லை. நேருக்கு நேர் மோதிய இடம் சேலத்திலேயே இருக்கிறது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் மக்கள் வழிபட்டு வந்த சிலை புத்தருடையது என்று 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அறநிலையத் துறை, இது நெடுங்காலமாக முனியப்பன் கோயில் என்றது. நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆராயச் சொன்னது. துறையின் அறிக்கை சிலையை உறுப்பு உறுப்பாக விவரித்தது. தாமரைப் பீடத்தில் அர்த்தபத்மாசனம், தியான முத்திரையில் கைகள், சுருள்முடி, உச்சியில் உஷ்ணீஷம், நீண்ட காதுமடல்கள். உடலிலிருந்து துண்டான தலை பிற்காலத்தில் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்த கலவையால் ஒட்டப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். சிலை புத்தருடையது, அதை முனியப்பனாகவே தொடர்ந்து நடத்துவது முறையாகாது, இடத்தைத் தொல்லியல் துறை ஏற்க வேண்டும், புத்தர் சிலை என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசையோ சடங்கோ நடத்தக் கூடாது என்றார்.

நான் இங்கே இரண்டு பக்கமும் சரி என்று சொல்லி நழுவப்போவதில்லை. சிலை புத்தர் என்பது கல்லிலேயே எழுதியிருக்கிறது. அதை மறைத்து வேறு பெயரால் அழைப்பது, அந்தச் சிற்பத்தைச் செய்தவருக்கும் அதன் முன் அமர்ந்து தியானித்தவர்களுக்கும் இழைக்கும் அநீதி. முனியப்பனுக்குக் கிடா வெட்டுவது இந்தப் பகுதியின் வழக்கம். உயிர்க்கொலையை விலக்கச் சொன்னவரை அந்த வழக்கத்துக்குள் கொண்டுவந்து வைத்ததில் ஒரு வரலாற்று வலி இருக்கிறது. ஆகவே பலகை வேண்டும், உண்மையும் அதில் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பலகையில் இன்னும் ஓர் உண்மையையும் எழுத வேண்டும் என்பேன். தலை வெட்டுண்ட அந்தக் கல்லை எறிந்துவிடாமல், வெட்டுப்பட்டவரும் தெய்வமே என்று கருதி, பெயர் கூடத் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் பூவும் இட்டவர்கள் அந்த வட்டாரத்து எளிய மக்கள். மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலைப் படித்தால், தமிழ்நாட்டில் புத்தர் சிலைகள் வேறு பெயர்களில் ஊர்த் தெய்வங்களாக நிற்பது புதிதல்ல என்று தெரியும். வணங்கப்பட்டதால் தப்பித்தவை அவற்றில் பல. முனியப்பன் என்று கும்பிட்டவர்களின் பக்தி பொய்யாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பேன். அவர்கள் சொன்ன பெயர்தான் தவறு, செய்த காவல் உண்மை. பெயர் தவறு என்று தெரிந்த பிறகும் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு நின்றால்தான் பக்தியில் ஓட்டை விழுகிறது. தெரியாமல் வணங்கியதற்குக் குற்றம் கிடையாது. தெரிந்தும் மறைப்பது குற்றம்.

மூன்றாவதாக ஒரு மறுப்பு எழலாம். உள்ளூர்ச் செய்தியை இப்படிப் போற்றினால் அது ஊர்ப் பெருமையாகி, சாதிப் பெருமையாகி, அடுத்த ஊரை இளப்பமாகப் பார்க்கிற குணத்தில் போய் முடியாதா? முடிந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரைகுறையாகத் தெரிந்துகொண்டவர்களிடமே அந்த நோய் பெரும்பாலும் காணப்படுகிறது. முழுக்கத் தெரிந்துகொள்ளத் தொடங்கினால் பெருமைக்குப் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். 1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் பின் பாராமகாலும் சேலமும் கும்பெனி கைக்குப் போயின. இன்றைய மாநில எல்லையின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1-இல் வந்தது. ஆட்டையாம்பட்டி சேலத்தில் இருக்க, பக்கத்துக் காளிப்பட்டி நாமக்கல்லுக்குப் போனது 1997-இல். தைப்பூசத்துக்குக் காளிப்பட்டிக் கந்தசாமியிடம் நடந்து போகிற கூட்டம் இந்தக் கோட்டைக் கவனிப்பதே இல்லை. கோடு நகர்ந்த தேதிகளை அறிந்தவர் கோட்டைத் தெய்வமாக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கியவர் ராஜாஜி. 1939-இல் அவருடைய அமைச்சரவை காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. அதற்கு முன் இங்குள்ள பெருங்கோயில்களின் கதவு யாருக்கு அடைத்திருந்தது என்பதும் தலவரலாறுதான். எந்தத் தலபுராணப் புத்தகமும் அதை அச்சிடுவதில்லை. அச்சிட வேண்டும். மண்ணை நேசிக்கிறேன் என்பவர் அந்த மண்ணில் நடந்த அநீதியின் தேதியையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

கடைசியாக, இதெல்லாம் ஆய்வாளர்கள் வேலை, தறி ஓட்டுகிறவரும் முறுக்குச் சுற்றுகிறவரும் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். ஆய்வாளர் ஒரு நாள் வந்து படியெடுத்துக்கொண்டு போய்விடுவார். கோயிலோடு இருப்பவர்கள் ஊரார். திருப்பணி என்றதும் கல்வெட்டு இருக்கிற சுவரில் பெயின்ட் அடிப்பதும், எழுத்துள்ள கல்லைப் பெயர்த்துத் தரைக்குப் போடுவதும், மணலை வேகமாக வீசி அடித்துச் சுத்தம் செய்கிறேன் என்று எழுத்தின் விளிம்பையே தேய்த்துவிடுவதும் தமிழ்நாட்டுக் கோயில்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. மணல் வீச்சுக்கு அறநிலையத் துறை தடை போட்டது. தடை இருந்தாலும், வேலை நடக்கிற அன்றைக்கு அந்த இடத்தில் நிற்பவர் அதிகாரியோ அறிஞரோ அல்ல. நன்கொடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற உள்ளூர்க்காரர்தான் நிற்கிறார். சாரம் கட்டுவதற்கு முன்னால், இந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, யாராவது படித்துவிட்டார்களா, படம் எடுத்தாயிற்றா என்று அவர் கேட்க வேண்டும். கேட்பதற்கு, அங்கே எழுத்து இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்லித்தரும் பொறுப்பைப் பள்ளிக்கூடமும் கோயிலும் சேர்ந்து ஏற்கலாம். ஒவ்வொரு கோயிலிலும் தலபுராணப் பலகைக்குப் பக்கத்தில், அந்தக் கோயில் கல்வெட்டுகளில் ஒன்றின் வாசகத்தையாவது ஊரார் படிக்கிற எழுத்தில் எழுதி மாட்டுவதற்குப் பெரிய செலவு பிடிக்காது.